மொரீஷியஸும் ஃபிஜியும்: தொழில் உற்பத்தியின் பங்கு ஒன்றென்றால் இரண்டும் ஒன்றா?

கணக்குப்பிள்ளை:
வணக்கம். எங்கள் ஊர் வாசிப்பு வட்டத்தில் சின்னத் தீவு நாடுகளின் தொழில் உற்பத்தி பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மொரீஷியஸையும் ஃபிஜியையும் எடுத்துக்கொண்டேன். இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. இரண்டும் பிரிட்டிஷ் காலனிகள், இரண்டும் கரும்பை நம்பி வாழ்ந்தவை. ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் மொரீஷியஸுக்கு 1834 முதலும் ஃபிஜிக்கு 1879 முதலும் போனார்கள். விடுதலை 1968இல் ஒன்றுக்கு, 1970இல் இன்னொன்றுக்கு. சர்க்கரைக்கு அடுத்து இரண்டுமே தையல் மெஷினைப் பிடித்தன.

இப்போது என் குழப்பம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆலைத் தொழிலின் பங்கைப் பார்த்தால், அண்மை ஆண்டுகளில் இரண்டு நாடுகளும் 10 சதவீதத்துக்கும் 13 சதவீதத்துக்கும் இடையில்தான் நிற்கின்றன. ஆனால் படிக்கிற கட்டுரையெல்லாம் மொரீஷியஸை முன்மாதிரி என்கிறது, ஃபிஜியைத் தவறவிட்ட நாடு என்கிறது. பங்கு ஒன்றாக இருக்கும்போது இதை எப்படிச் சொல்கிறார்கள்?

திருப்பூர்_நூல்:
பங்கை வைத்துக் கேட்டால் பதிலும் பங்காகத்தான் வரும், சார். மொத்தத்தைப் பாருங்கள். 2023இல் மொரீஷியஸின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறக்குறைய 1,400 கோடி டாலர். ஃபிஜி 550 கோடிக்குப் பக்கம். மக்கள் தொகை அங்கே 12.6 லட்சம், இங்கே 9 லட்சத்துக்குச் சற்று மேல். பங்கு ஒன்றேயானாலும் தொகையில் மொரீஷியஸ் ஏறக்குறைய இரண்டரை மடங்கு, தலைக்கு வகுத்தால் இரண்டு மடங்கு. அதற்குமேல் இந்தக் கணக்கில் துல்லியம் தேடாதீர்கள்.

இன்னொன்று. சிலர் ஏற்றுமதித் தொகையை எடுத்துக்கொண்டு வந்து "உற்பத்தி" என்பார்கள். எங்கள் ஊர் உதாரணம் சொல்கிறேன். ஒருவர் நூல் வாங்கி, நிட்டிங், டையிங், கட்டிங் எல்லாம் முடித்துச் சட்டையை 300 ரூபாய்க்கு விற்கிறார். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுத்து, பீஸுக்கு 30 ரூபாய் கூலி வாங்குகிறார். விற்றுமுதலைப் பார்த்தால் முதல் ஆள் பத்து மடங்கு. ஆனால் நூலுக்கும் சாயத்துக்கும் கரண்டுக்கும் போனது போக முதல் ஆள் கையில் நிற்பது 90 ரூபாய் என்றால் வித்தியாசம் மூன்று மடங்குதான். அந்த 90ம் 30ம்தான் மதிப்புக்கூட்டல். துணியை வெளிநாட்டில் வாங்கித் தைத்து அனுப்பும் நாட்டின் ஏற்றுமதிக் கணக்கு எப்போதும் உப்பலாகத் தெரியும்.

சந்தேகராசா:
கணக்குப்பிள்ளை எடுத்திருப்பது ஏற்கெனவே மதிப்புக்கூட்டல்தானே? அதில் குறை இல்லை. குறை வகுக்கும் எண்ணில் இருக்கிறது. இரண்டுமே சுற்றுலா நாடுகள். 2020இல் விமானம் நின்றதும் ஃபிஜியின் பொருளாதாரம் 17 சதவீதம் சுருங்கியது, மொரீஷியஸ் 15 சதவீதத்துக்குப் பக்கம். ஓட்டல் பூட்டிக் கிடக்கும் ஆண்டில் பிஸ்கட் கம்பெனி ஒரு பெட்டிகூட அதிகம் செய்யாமலே அதன் பங்கு ஏறும். சுற்றுலா திரும்பியதும் இறங்கும். அப்போது "தொழில் நசிகிறது" என்று யாராவது எழுதுவார்கள். நாலைந்து ஆண்டுச் சராசரி இல்லாமல் பங்கை மேடையில் சொல்லாதீர்கள்.

லவுடோக்காவாசி:
பதினோரு வருடமாக ஃபிஜியில் கணக்கு வேலை பார்க்கிறேன். இழையின் தலைப்பைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை.

முதலில் ஃபிஜியின் தொழில் என்று எதைச் சொல்கிறோம்? வெளியே தெரிவது சர்க்கரையும் தண்ணீரும். உள்ளே இன்னும் இருக்கிறது. மாவு, பிஸ்கட், சோப்பு, பெயிண்ட், கூரைத் தகடு என்று சுற்றியுள்ள சின்னத் தீவுகளுக்கெல்லாம் ஃபிஜிதான் பட்டறை. டோங்காவிலும் கிரிபாட்டியிலும் கடைத்தட்டில் ஃபிஜி பிஸ்கட் இருக்கும். இந்த வேடம் மொரீஷியஸுக்கு இந்த அளவு இல்லை. அதன் அண்டைத் தீவுகளை ரீயூனியன் வழியாகப் பிரான்சும், ஆப்பிரிக்கா பக்கம் தென்னாப்பிரிக்காவும் பார்த்துக்கொள்கின்றன.

அடுத்து தண்ணீர். ஃபிஜியின் பெரிய தீவான விட்டி லெவுவின் வடக்கே யங்காரா பள்ளத்தாக்கில் நிலத்தடி நீரைப் பாட்டிலில் அடைக்கிறார்கள். 1996இல் தொடங்கிய கம்பெனி, 2004இலிருந்து அமெரிக்க முதலாளிகள் கையில். சர்வதேச வகைப்பாட்டில் பாட்டில் நீர் பானத் தயாரிப்பு, அதாவது ஆலைத் தொழில். இன்று ஃபிஜியின் உள்நாட்டு ஏற்றுமதியில் தண்ணீர் சர்க்கரையை முந்திவிட்டது. ஆனால் ஒரு சர்க்கரை ஆலைக்குப் பின்னால் எத்தனை வெட்டுக்காரர், லாரிக்காரர், கொல்லர், கடைக்காரர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பாட்டில் ஆலைக்குப் பின்னால் சில நூறு பேர்தான். கணக்கேட்டில் ஒரு டாலர் ஒரு டாலர்தான், ஊருக்குள் அப்படி இல்லை.

2010இல் அரசு பெரிய அளவில் நீர் எடுப்பவர்களுக்கு லிட்டருக்கு 15 சென்ட் வரி போட்டது. அதுவரை ஒரு சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு. கம்பெனி நவம்பர் கடைசியில் ஆலையைப் பூட்டியது, ஓரிரு நாளில் திறந்துவிட்டது. லேபிளிலேயே ஃபிஜி என்று போட்டு விற்கும் தண்ணீருக்கு வேறு ஊர் இல்லையே!

கணக்குப்பிள்ளை:
அருமை. ஒரு சின்ன சந்தேகம். கரும்பு விவசாயமா, தொழிலா?

லவுடோக்காவாசி:
வயலில் நிற்கும் வரை விவசாயம். ஆலை வாசல் தாண்டிச் சர்க்கரையாக வந்தால் தொழில். ஃபிஜியில் இந்தக் கோடு கண்ணுக்கே தெரியும். பயிரிடுபவர் குத்தகை விவசாயி, அரைப்பது அரசு கம்பெனி. விற்ற பணத்தை ஒரு விகிதத்தில் பிரித்துக்கொள்கிறார்கள். மொரீஷியஸில் பெரிய எஸ்டேட்காரரே ஆலைக்காரராகவும் இருப்பார், பக்கத்திலேயே சின்னச் சின்ன விவசாயிகளும் உண்டு.

திருப்பூர்_நூல்:
அந்த எஸ்டேட்காரர் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் பார்வையில் கதையே அங்கேதான் தொடங்குகிறது.

2002 முதல் மூன்று வருடம் மொரீஷியஸில் ஒரு நிட்வேர் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பேர் வேண்டாம். அங்கே ஏற்றுமதித் தொழிலைச் "சோன் ஃபிரான்ஷ்" என்பார்கள். பெண்கள் "லா சோன்ல வேலை" என்று சொன்னால் தையல் கம்பெனி என்று அர்த்தம். பெயர் மண்டலம் என்றாலும் வேலி போட்ட பேட்டை எதுவும் கிடையாது. 1970 சட்டப்படி எந்த ஊரில் கட்டடம் போட்டாலும் சலுகை உண்டு. அதனால் கரும்புக் காட்டு நடுவில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, கோயில் தெருமுனையில் எல்லாம் கம்பெனி இருக்கும். கல்யாணமான பெண் நடந்தே வேலைக்குப் போகலாம். திருப்பூர்க்காரனுக்கு இது உடனே புரியும்.

1961இல் ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார அறிஞர் (பின்னால் நோபல் பெற்றவர்) அந்தத் தீவைப் பார்த்துவிட்டு, ஜனம் பெருகுகிறது, கரும்பைத் தவிர ஒன்றுமில்லை, தேறுவது கடினம் என்ற தொனியில் அறிக்கை எழுதினார். முப்பது வருடத்தில் ஆலைத் தொழில் மொத்தப் பொருளாதாரத்தில் நாலில் ஒரு பங்கை நெருங்கியது. 2000ஐ ஒட்டி சோனில் மட்டும் 90,000 பேர் வேலை பார்த்தார்கள். பன்னிரண்டு லட்சம் பேர் உள்ள நாட்டில்!

முதல் பணம் எங்கிருந்து வந்தது? ஹாங்காங் முதலாளிகள் வந்தார்கள், நிஜம். ஆனால் முதலீட்டில் ஏறக்குறைய பாதி உள்ளூர்ப் பணம். அதில் பெரும்பகுதி சர்க்கரை எஸ்டேட் குடும்பங்களுடையது. ஐரோப்பாவுக்குச் சர்க்கரை விற்று வந்த லாபத்தை வெளியே கொண்டுபோக அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு விடவில்லை. உள்ளே போடு என்றது. போட்டார்கள்.

சந்தேகராசா:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த லாபமே சமமாகக் கிடைக்கவில்லையே. ஐரோப்பாவுக்கும் அதன் முன்னாள் காலனிகளுக்கும் இடையிலான 1975 லோமே உடன்படிக்கையோடு வந்த சர்க்கரை ஒப்பந்தத்தில் ஐரோப்பா உயர்ந்த விலைக்கு வாங்க ஒப்புக்கொண்ட அளவு மொரீஷியஸுக்கு 4,87,200 டன், ஃபிஜிக்கு 1,63,600 டன். அன்றைய மக்கள் தொகைக்கு வகுத்தால்கூட மொரீஷியஸுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. உலக விலையைவிட இரண்டு மூன்று மடங்கு விலை கிடைத்த ஆண்டுகள் உண்டு. இவ்வளவு மானியத்தோடு முன்மாதிரி ஆவது பெரிய வித்தையா?

திருப்பூர்_நூல்:
வித்தை என்று நான் சொல்லவில்லையே, ராசா. வந்த பணம் எங்கே போனது என்றுதான் சொன்னேன். அதேமாதிரி காசு வந்து காணாமல் போன நாடுகளும் அந்தப் பட்டியலில் உண்டு.

லவுடோக்காவாசி:
ஃபிஜியில் அந்தப் பணம் ஏன் தையல் மெஷினாக மாறவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில்: சேர்த்து வைக்க ஒரு கை இல்லை. ஆலைகள் ஆஸ்திரேலியக் கம்பெனியிடம் இருந்தன. அது 1973இல் விற்றுவிட்டுப் போனது, அரசு எடுத்துக்கொண்டது. மீதி லாபம் ஆயிரக்கணக்கான குத்தகை விவசாயிகளிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தது. அந்த விவசாயிக்கு நிலமும் சொந்தமில்லை. பூர்வகுடிகளின் நிலத்தை விற்க முடியாது. 1976 சட்டப்படி 30 வருடக் குத்தகைதான். அதற்கு முன்பே தொடங்கிய குத்தகைகள் 1997இலிருந்து முடியத் தொடங்கின, நிறைய பேருக்குப் புதுப்பித்துக் கிடைக்கவில்லை. குத்தகை முடியப்போகிற நிலத்தில் யார் ஆழ்துளை போடுவார்? பிள்ளையைக் கணக்காளராக்கி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அதுதான் ஃபிஜி விவசாயி செய்த முதலீடு. அதன் விளைவு சிட்னியின் கணக்கில் ஏறுகிறது.

ஃபிஜியில் தையல் தொழில் வந்த விதமும் வேறு. 1981 முதல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு வரியில்லாமல் அனுப்பலாம் என்ற உடன்படிக்கை இருந்தது, 50 சதவீத மதிப்பு அந்த வட்டாரத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1987இல் இரண்டு ஆட்சிக்கவிழ்ப்பு. சுற்றுலா படுத்தது, நாணய மதிப்பைக் குறைத்தார்கள். அந்த நெருக்கடியில்தான் வரியில்லாத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. கூலி மலிவு, நாணயம் மலிவு. நியூசிலாந்துக் கம்பெனிகள் கூட்டமாக வந்தன. பத்து வருடத்தில் ஆயத்த ஆடை சர்க்கரையோடு போட்டி போடும் ஏற்றுமதி ஆயிற்று. மலிவுக்காக வந்தது மலிவு வேறெங்காவது கிடைத்ததும் போகும். 2000இல் மறுபடி கவிழ்ப்பு. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் இறக்குமதிச் சலுகைத் திட்டம் ஒன்றும் முடிந்தது. 2005 ஜனவரியில் உலக ஆடைக் கோட்டா (எந்த நாடு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்ற வரம்பு) ஒழிந்தது. அவ்வளவுதான்.

பூகோளவாத்தியார்:
கோட்டா ஒழிந்தது மொரீஷியஸையும் அடித்ததே?

திருப்பூர்_நூல்:
அடித்தது, வாத்தியாரே. நான் அங்கிருந்து கிளம்பியதே அந்த அடியில்தான். ஹாங்காங்காரர்கள் மூட்டை கட்டினார்கள், ஐந்து வருடத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. உள்ளூர் முதலாளிகள் என்ன செய்தார்கள் என்றால், சாதாரண டி-சர்ட்டை மடகாஸ்கருக்குத் தள்ளினார்கள், அது முன்பே தொடங்கிய வேலை. எங்கள் கம்பெனியிலும் இரண்டு லைன் அப்படிப் போனது. வடிவமைப்பு, சாம்பிள், கம்பளி நிட்வேர், அவசர ஆர்டர் மட்டும் தீவில். அதிலும் நிம்மதி இல்லை. 2002இல் மடகாஸ்கரில் இரண்டு பேர் நான்தான் அதிபர் என்று நின்று மாதக்கணக்கில் சாலை மறியல். 2009இல் மறுபடி கலகம், அமெரிக்கச் சலுகை பறிபோனது. பிறகு இந்தியா, பங்களாதேஷ் என்று பரப்பினார்கள். பெங்களூரில் மொரீஷியஸ் முதலாளியின் சட்டைக் கம்பெனி ஓடுவது நம்மில் பலருக்குத் தெரியாது.

இங்கேதான் உங்கள் கணக்கு சிக்கும், கணக்குப்பிள்ளை. மடகாஸ்கரில் தைத்த சட்டை மடகாஸ்கரின் உற்பத்தி. லாபம் மட்டும் மொரீஷியஸின் தேசிய வருமானத்தில் ஏறும். தீவுக்குள்ளே தைப்பவரோ கணிசமாகப் பங்களாதேஷிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர். அது மொரீஷியஸின் உற்பத்தி, சம்பளத்தில் ஒரு பகுதி அவர்கள் ஊருக்குப் போகிறது. உற்பத்தியை மட்டும் ஒப்பிட்டால் முதலாளி எங்கே, கூலிக்காரர் எங்கே என்பது தெரியாது.

சந்தேகராசா:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். முன்மாதிரி நாட்டின் தையல் மேடையில் முன்மாதிரிக்காரர்களே இல்லை.

திருப்பூர்_நூல்:
பாதி நிஜம். உள்ளூர்ப் பெண்ணின் மகள் வங்கியிலும் கால் சென்டரிலும் உட்கார்ந்தாள். அம்மா விட்ட மெஷினில் சில்ஹட்டிலிருந்து வந்தவர் உட்கார்ந்தார். அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

லவுடோக்காவாசி:
சர்க்கரைக்கு விழுந்த அடியையும் எழுதிவிடுகிறேன். ஐரோப்பா 2006க்கும் 2009க்கும் இடையில் விலையை 36 சதவீதம் வெட்டியது. 2009 செப்டம்பரோடு ஒப்பந்தமே முடிந்தது. அடி இரண்டு நாடுகளுக்கும் ஒன்று. மாற்றுத் தொழிலுக்கு மாறிக்கொள்ள உதவித்தொகை தருகிறோம் என்றதும் இரண்டுக்கும்தான்.

மொரீஷியஸ் அந்தப் பணத்தை வாங்கித் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வும் மனைத் துண்டும் கொடுத்தது. ஒரு காலத்தில் இருபதுக்கு மேல் இருந்த ஆலைகளைச் சுருக்கிக்கொண்டே வந்து இன்று மூன்றில் நிறுத்தியிருக்கிறது. பழுப்புச் சர்க்கரையை மூட்டையில் அனுப்பியவர்கள் சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரைக்கும், கடையில் தனி விலை போகும் சிறப்பு வகைகளுக்கும் மாறினார்கள். டன் கணக்கில் பார்த்தால் 6 லட்சத்திலிருந்து இரண்டரை லட்சத்துக்கும் கீழே. ஆனால் டன்னுக்கு நிற்கும் காசு வேறு.

ஃபிஜியில் 2006 டிசம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தேர்தல் நடத்துகிறேன் என்ற வாக்கு தவறியதால் ஐரோப்பா சர்க்கரைக்கான உதவியில் பெரும்பகுதியை நிறுத்திவிட்டது. மாறிக்கொள்ளக் காசு வேண்டிய சரியான நேரத்தில் காசு இல்லை. 1994இல் 5 லட்சம் டன்னைத் தாண்டிய உற்பத்தி இப்போது ஒன்றரை லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. அந்த ராணுவத் தலைமையின் பிடிவாதத்துக்கு விவசாயி கட்டிய அபராதம் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

மட்டுறுத்துநர்:
கவிழ்ப்பில் யார் பக்கம் நியாயம் என்று மூன்று பதிவுகள் வந்தன. வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே ஆலையும் கணக்கும் போதும்.

பூகோளவாத்தியார்:
2016 பிப்ரவரியில் வந்த வின்ஸ்டன் புயலையும் சேருங்கள். ராகிராகியில் இருந்த பெனாங் ஆலை அதில் அடிபட்டு மூடியதுதான், திறக்கவில்லை. புயலுக்குப் பின் மிஞ்சிய ஆலைகள் லவுடோக்கா, அம்பா, லம்பாசா. (எழுதுவது லபாசா, சொல்வது லம்பாசா. பாடத்தில் தப்பாக வாசித்து ஒரு ஃபிஜி மாணவனிடம் மாட்டிக்கொண்டேன்.)

மீனும் விட்டுப்போயிற்று. ஃபிஜியின் பழைய தலைநகர் லெவுகாவில் சூரை மீனைச் சுத்தம் செய்து சதைத் துண்டாக அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள், டப்பாவில் அடைப்பது அங்கே. மொரீஷியஸில் ஐரோப்பியக் கப்பல்கள் பிடித்த சூரையை டப்பாவிலேயே அடைத்து அனுப்புகிறார்கள். மீன் அதே மீன்தான். கூடும் மதிப்பு எந்த மேஜையில் கூடுகிறது என்பதுதான் வேறு.

சந்தேகராசா:
நாணயத்தை யாரும் தொடவில்லை. ஃபிஜி 1998 ஜனவரியில் 20 சதவீதம், 2009 ஏப்ரலில் மறுபடி 20 சதவீதம் மதிப்பைக் குறைத்தது. அமெரிக்க டாலரில் வரைபடம் போட்டால் அந்த ஆண்டுகளில் ஆலைகள் இடிந்து விழுந்ததுபோல் தெரியும். ஆலையில் அன்றைக்கும் அதே சங்குதான் ஊதியது. மொரீஷியஸும் 1979, 1981இல் குறைத்த நாடுதான். ஆகவே நிலையான விலையில் (விலைவாசி ஏற்றத்தைக் கழித்து), அந்தந்த நாட்டு நாணயத்தில் வளர்ச்சியைப் பாருங்கள். அளவை ஒப்பிட மட்டும் டாலருக்கு வாருங்கள். இன்னொரு கண்ணி: 2006இல் மொரீஷியஸ் அந்தச் சோன் சலுகையைத் தனியாக வைப்பதையே எடுத்துவிட்டது. அதன்பின் புள்ளிவிவரத் துறை "ஏற்றுமதி சார்ந்த நிறுவனங்கள்" என்று வேறு பெயரில் போடுகிறது. இரண்டையும் ஒட்டி ஒரே கோடாக வரைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
நான் வரைந்த கோடும் அதுதான்! கிழித்துப் போட்டாயிற்று.

இப்போது என் அட்டவணை இப்படி ஆகியிருக்கிறது. மொத்தப் பங்கு என்ற ஒரே வரியை எடுத்துவிட்டேன். சர்க்கரை, ஆடை, மீன், பானம், உள்ளூர்ச் சந்தைப் பொருள் என்று ஐந்து வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: தீவுக்குள் கூடிய மதிப்பு, அதில் வேலை பார்ப்போர், லாபம் யாருக்கு. மூன்றாவது கட்டத்தில் எண் கிடைக்காத இடத்தில் ஒரு வாக்கியம் எழுதப் போகிறேன். ஃபிஜித் தண்ணீருக்கு எதிரே அமெரிக்கா, சர்க்கரைக்கு எதிரே அரசும் விவசாயியும், மொரீஷியஸ் ஆடைக்கு எதிரே உள்ளூர்க் குடும்பங்கள். இந்தக் கட்டத்தை நிரப்பும்போதுதான் எனக்கே கதை புரிந்தது. விட்டுப்போனது ஏதாவது?

லவுடோக்காவாசி:
சக்கை.

கணக்குப்பிள்ளை:
புரியவில்லை.

லவுடோக்காவாசி:
கரும்புச் சக்கை. மொரீஷியஸில் ஆலைக்குப் பக்கத்திலேயே மின் நிலையம். அரைவைக் காலத்தில் சக்கையை எரிக்கிறார்கள், மற்ற மாதங்களில் நிலக்கரி. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்கையிலிருந்து வருகிறது. சர்க்கரை நஷ்டம் என்ற ஆண்டில்கூட அந்தக் குழுமங்களைத் தூக்கி நிறுத்துவதில் இதற்குப் பங்கு உண்டு. ஆனால் மின் நிலையம் தனிக் கம்பெனி என்பதால் அதன் மதிப்பு மின்சாரத் துறைக் கணக்கில் ஏறும், ஆலைத் தொழிலில் வராது. ஃபிஜியில் ஆலைக்குள்ளேயே எரித்து ஆலையை ஓட்டிக்கொண்டு, மிஞ்சியதைக் கொஞ்சம் மின்வாரியத்துக்கு விற்கிறார்கள். அது சர்க்கரைக் கணக்கிலேயே கிடக்கும். ஒரே கரும்பு, ஒரே சக்கை, இரண்டு நாட்டில் இரண்டு வரி.

சந்தேகராசா:
அப்படியானால் மொரீஷியஸின் சர்க்கரைத் தொழிலைக் குறைத்துக் காட்டுகிறோம் என்றாகிறது. நானே மொரீஷியஸுக்காகப் பேச வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஆறாவது வரி போட்டுவிட்டேன். "சக்கை மின்சாரம் (எங்கே சேர்ப்பது என்று கூட்டத்தில் கேட்கவும்)". ஞாயிறு மாலை கூட்டம். என்ன பதில் வந்தது என்று திங்கட்கிழமை இங்கே எழுதுகிறேன்.